அயல்வீட்டுப் பூனை

நேயர்களே, நாட்டு நடப்பையும் உலகப் போக்கையும் பற்றிப் பேசுவதற்கு அறிஞர் பலர் உளர். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் அவ்வளவு பெரியதன்று. வேலியில் உள்ள ஒரு பொட்டு வழியாக நம் வளவுக்குள் நுழைந்து, குசினி வாயிலிற் சிறிது நேரம் அமர்ந்து, வந்த வழியே திரும்பிச் செல்லும் அயல்வீட்டுப் பூனையே நம் பொருள். அது நமக்குரியதன்று, ஆயினும் நம்மை நாடி வருகிறது. அதனை விரட்டுவதா, வரவேற்பதா? வரவேற்பதாயின் எவ்வாறு? அதற்கு உணவிடலாமா? அது நம் பிள்ளையைக் கீறிவிட்டாற் செய்யவேண்டுவது யாது? இவ்வினாக்கள் சிறியனவாகத் தோன்றினும், உயிரைக் காக்கும் செய்தியும் இவற்றுள் உண்டு. அயலாரோடு கூடி வாழும் பண்பும் இவற்றுள் அடங்கும்.

மன்னார்த் தீவில் வாழ்வோர்க்குப் பூனை புதியதன்று. பேசாலையிலும் தலைமன்னாரிலும் தோணிகள் கரைசேரும் வேளையை மனிதருக்கு நிகராகப் பூனைகளும் அறியும். மீன் அரியும் இடமும், கருவாடு காயும் வாடியும் அவற்றுக்குப் பழகிய இடங்கள். ஒரு வீட்டிற் பிறந்த பூனை நான்கு வீடுகளில் உண்டு, ஐந்தாம் வீட்டுத் திண்ணையில் உறங்குவது இங்கு இயல்பு. இதில் ஓர் இடர் உண்டு. எல்லார் வீட்டுக்கும் வரும் பிராணி, ஈற்றில் ஒருவர் வீட்டுக்கும் உரியதாகாமற் போய்விடக்கூடும். மன்னார் நகரத் தெருக்களில் உடையவரின்றித் திரியும் கழுதைகளைப் பார்த்தவர்க்கு இதை விளக்கிக் கூறவேண்டுவதில்லை. முன்னர்ப் பொதி சுமந்து உழைத்த இனம், மோட்டார் வண்டிகள் பெருகியபின் கவனிப்பாரற்றுப் போயிற்று. அவற்றின் துயர் கண்டு பிற்காலத்திற் கழுதைகளுக்கென ஒரு சிகிச்சை நிலையமே அந்நகரில் நிறுவவேண்டியதாயிற்று. எல்லாரும் பார்க்கும் பிராணியை ஒருவராவது பொறுப்பேற்றுப் பார்க்கவேண்டும் என்பதே அதனால் நாம் பெறும் பாடம்.

பூனையைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். வெருகு, பூசை என்பன அதற்குரிய பழம் பெயர்கள். வெருகினைப் பூசை என்று வழங்கும் மரபைத் தொல்காப்பியம் மரபியலிற் குறிக்கிறது; வெருகு, எலி, அணில், கீரியினத்து மூங்கா ஆகியவற்றின் இளமைப் பெயராகக் குட்டி என்னும் சொல் வரும் என்பதும் அவ்வியலிற் கூறப்படுகிறது. பூசை என்னும் சொல்லின் உறவைப் பூச்ச என்னும் மலையாள வழக்கில் இன்றும் காணலாம். ஆண்பூனையைக் கடுவன் என்பது நம் ஈழத்து வழக்கு. குறுந்தொகையின் 139ஆம் பாட்டில், மாலைப்பொழுதில் வேலிப்புறத்தே வெருகுகள் வந்துற, வீட்டுக் கோழி அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் காட்சியை ஒக்கூர் மாசாத்தியார் காட்டுகிறார். வேலியும் மாலையும் பூனையும் அன்றே ஒருங்கு சேர்ந்துவிட்டன.

இன்று வீட்டில் உலவும் பூனை, மேற்காசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் வாழ்ந்த காட்டுப்பூனையின் வழிவந்தது என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. மனிதன் தானியம் விளைத்துச் சேர்த்துவைத்தான். தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. நாயை நாம் பழக்கினோம். பூனையோ பெரும்பாலும் தானே வந்து பழகிக்கொண்டது. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதர் ஒருவரின் எலும்புக்கூட்டுக்கு அருகே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2004இல் வெளியிட்டனர். அத்தீவிற் பூனையினம் இயற்கையாக இருந்ததில்லை. ஆகவே அதனை யாரோ படகேற்றிக் கொண்டுவந்திருத்தல் வேண்டும். பின்னர்ப் பண்டங்களையும் கயிறுகளையும் எலியினின்று காக்கக் கப்பல்தோறும் பூனை சென்றது. மாதோட்டத்தைப் போன்ற பழந்துறைகளின் அயலில் வாழ்ந்த நம் போன்ற கடற்கரை மக்களுக்குப் பூனை உற்ற துணையானதில் வியப்பில்லை.

தானே வந்து பழகிய இனம் என்பதை மனத்திற் கொண்டால், அதனோடு நட்புக் கொள்ளும் வழி எளிதில் விளங்கும். அதனைத் துரத்திப் பிடித்தல் ஆகாது. வரும்வரை காத்திருத்தலே முறை. சுவிற்சர்லாந்தில் சூரிச் நகரிலே பூனைகளின் நடத்தையை நெடுநாள் ஆராய்ந்த டெனிஸ் டேர்னர் என்பார், மனிதர் தொடங்கும் உறவாடலைவிடப் பூனை தானே தொடங்கும் உறவாடல் நெடுநேரம் நீடிக்கிறது எனக் கண்டார். ஆகவே புதிய பூனை வந்தால் நிமிர்ந்து நின்று அதன்மேற் குனியாதீர்கள். பாயிலோ தாழ்ந்த பலகையிலோ அமர்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். முதல்நாள் அது படலையடியில் நின்று பார்த்துவிட்டுப் போகும். மறுநாள் முற்றத்தின் நடுவில் அமரும். பிறந்து 2ஆம் கிழமை தொடங்கி 7ஆம் கிழமை வரை மனிதர் கைபட்டு வளர்ந்த பூனை விரைவில் நெருங்கும். அக்காலத்தில் மனிதரை அறியாதது மாதக்கணக்கில் அஞ்சி நிற்கும். அது பிராணியின் குற்றமன்று.

பூனை கண்ணை மூடிக்கொண்டாற் பூலோகமே இருண்டுவிட்டதென எண்ணுமாம் என்று நம் பழமொழி அதனை எள்ளுகிறது. ஆனால் அந்தக் கண்மூடலில் வேறொரு பொருள் உண்டு. பூனையுலகில் இமையாது உற்று நோக்குதல் பகையின் அடையாளம். இமைகளை மெல்லத் தாழ்த்துதல் அமைதியின் அடையாளம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மனிதர் பூனையை நோக்கிக் கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால், பூனையும் அவ்வாறே கண்களைச் சுருக்குகிறது எனவும், முன்பின் அறியாதவர் அவ்வாறு செய்தபின் கையை நீட்டினால் அவரை அணுக அது கூடுதலாக விரும்புகிறது எனவும் கண்டனர். செலவில்லாத இம்முறையை நேயர்கள் தம் முற்றத்திலேயே சோதித்துப் பார்க்கலாம்.

பூனை நம் குரலைப் பொருட்படுத்துவதில்லை என்பது பலர் எண்ணம். யப்பானில் நிகழ்ந்த ஆய்வுகள் அதனை மறுத்துள்ளன. தன்னை வளர்ப்பவரின் குரலைப் பிறர் குரலினின்று பூனை பிரித்தறியும் என 2013இலும், தன் பெயரை ஒத்த ஓசையுள்ள பிற சொற்களினின்று பிரித்தறியும் என 2019இலும் அங்கே காட்டப்பட்டது. அது எழுந்து வாராவிடினும் செவியைத் திருப்பும், தலையை அசைக்கும். ஆகவே வந்துபோகும் பூனைக்கு நாம் புதுப்பெயர் சூட்டவேண்டா. அதன் வீட்டார் இட்ட பெயரைக் கேட்டறிந்து, அப்பெயராலேயே அழைத்தல் நன்று.

தொடுதலிலும் ஒரு முறையுண்டு. முதலில் ஒரு விரலை அதன் மூக்கின் உயரத்தில் நீட்டுங்கள். அது முகர்ந்துபார்த்துக் கன்னத்தை உரசினால் இசைவு தந்ததாகக் கொள்ளலாம். பூனையின் கன்னத்தில் மணம் சுரக்கும் உறுப்புகள் உள்ளன. உரசுவதால் தன் மணத்தை நம்மேற் பதித்து நம்மைத் தன் கூட்டத்திற் சேர்த்துக்கொள்கிறது. கன்னமும் காதின் அடியும் தாடையும் வருடத்தக்க இடங்கள். வாலின் அடியையும் வயிற்றையும் தொடுவதைப் பெரும்பாலான பூனைகள் விரும்புவதில்லை. தாய்ப்பூனை குட்டியைப் பிடரியிற் கௌவிச் செல்லும் காட்சியை இறைவனின் அருளுக்கு உவமையாக்கி மார்ச்சால நியாயம் என வைணவர் வழங்குவர். அது குட்டிக்கு ஏற்றது. வளர்ந்த பூனையைப் பிடரியிற் பற்றித் தூக்கினால் அதற்கு அச்சமும் நோவும் உண்டாகும்.

நிமிர்ந்த வால் நட்பைக் குறிக்கும். வால் பக்கத்துக்குப் பக்கம் வீசியடித்தாலும், செவி பின்னோக்கி மடிந்தாலும், தோல் சுளித்தாலும், உடனே கையை எடுத்துவிடுங்கள். இவ்வடையாளங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் பெரியோர் கடன். என் ஆசிரியப் பணியிற் பலமுறை கண்ட உண்மை ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பூனை கீறியதைப் பிள்ளைகள் வீட்டிற் சொல்வதில்லை. ஏச்சுக்கு அஞ்சிச் சட்டைக் கையால் மறைத்துவிடுவர். விசர்நோய் நாயினால் மட்டும் வருவதன்று. பூனையின் கடியாலும் கீறலாலும் வரலாம். அந்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆனால் குறி தோன்றுமுன் தடுப்பது நம் கையில் உள்ளது. காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ எண்ணெயோ பூசலாகாது. காலந்தாழ்த்தாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்; தடுப்பூசி தேவையா என வைத்தியர் முடிவு செய்வார். அது அங்கே இலவசமாகவே இடப்படுகிறது. சொன்ன பிள்ளையை ஏசாதீர்கள், சொன்னதற்காகப் பாராட்டுங்கள்.

இனி உணவு. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பர். ஆயினும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றோட்டம் உண்டாகும். ஒரு சிரட்டையில் நல்ல தண்ணீர் வைப்பதே சிறந்த உபசாரம். வெப்பமும் உவர்க்காற்றும் மிகுந்த நம் கரையில் அதன் அருமை பெரிது. பூனை முற்றும் ஊனுண்ணும் இனம். இறைச்சியிலும் மீனிலும் உள்ள தோரின் என்னும் பொருள் குறைந்தால் அதன் கண்பார்வை கெடும் என்பது 1975இல் நிறுவப்பட்டது. ஆகவே வெறுஞ் சோறும் குழம்பும் அதற்குப் போதா. சிலவகைப் பச்சை மீன்கள் உயிர்ச்சத்து பி1ஐ அழிப்பன. அவித்தால் அக்கேடு நீங்கும். உப்புக் கருவாடும், வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த கறியும் தகா. பேத்தை மீனின் நஞ்சைக் கடலோடிகள் அறிவர். அதன் கழிவைப் பூனை எட்டும் இடத்தில் எறிதல் கொலைக்கு ஒப்பாகும். தூண்டிலும் நரம்பும் கிடக்கும் இடத்தையும் காத்தல் வேண்டும். நோயுற்ற பூனைக்குப் பரசிற்றமோல் கொடுப்பது அதனைக் கொல்லும். மிருக வைத்தியரையே நாடவேண்டும்.

இவை யாவற்றுக்கும் முன்னே செய்யவேண்டுவது ஒன்று உண்டு. அயலாரைக் கேட்டல் வேண்டும். அப்பூனைக்கு மருந்து நடக்கலாம். உணவிற் கட்டுப்பாடு இருக்கலாம். அது வீடு திரும்பாமையால் அவ்வீட்டுப் பிள்ளை தேடி அழலாம். நம் வீட்டில் வயிறு நிரம்ப உண்ணும் பூனை தன் வீட்டை மறக்கும். அன்பு என்ற பெயரால் அயலார் உடைமையைக் கவர்தல் அறமாகாது. "உங்கள் பூனை எங்கள் திண்ணைக்கு வருகிறது, ஒருபிடி மீன் கொடுக்கலாமா?" என்று வேலியருகே நின்று கேட்கும் ஒரு சொல், பூனையின் நலத்தையும் காக்கும், இரு வீட்டாரின் உறவையும் வளர்க்கும். விசர்நோய்த் தடுப்பூசி இடப்பட்டதா என்பதையும் அப்போதே அறிந்துகொள்ளலாம். பெண்பூனை ஆறு மாதத்துக்குள்ளேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். தேவையற்ற குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியில் விடும் கொடுமையைத் தடுக்க, கருத்தடைச் சிகிச்சையின் செலவை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்ளலாம்.

பூனையின் நண்பர் கோழிக்குஞ்சையும் பறவையையும் மறத்தல் ஆகாது. மன்னார்ப் பாலத்தின் அயலிலே உள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கடல் கடந்து வரும் பறவைகள் தங்கும் நிலம் நம்முடையது. தரையிற் கூடுகட்டும் பறவைக்குக் கைவிடப்பட்ட பூனை பெரும்பகை. பூனைக்கு வேளைக்கு உணவிட்டு, இரவில் வீட்டினுள் அடைத்துவைத்தாற் பறவையும் பிழைக்கும். பூனையும் வண்டியிற் சிக்காது பிழைக்கும்.

நேயர்களே, அயல் என்னும் சொல்லின் பெறுமதியை மன்னார் மண் துன்பத்தின் வழியே கற்றது. 1990 ஒக்டோபரில் இத்தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். போரினால் தமிழ்க் குடும்பங்களும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2009இற் போர் முடிந்தபின் மீண்டவர் பலர், வேலியை மட்டுமன்றி அயலுறவையும் புதிதாகக் கட்டவேண்டியதாயிற்று. அவ்வுறவு பெருங்கூட்டங்களால் மட்டும் வளர்வதன்று. பூனையிடத்து அன்பு பூண்டமையாற் பெயர்பெற்ற அபூ ஹுரைராவை முஸ்லிம் வீட்டார் போற்றுவர். சைவ வீட்டாரும் கத்தோலிக்க வீட்டாரும் தத்தம் திண்ணையில் ஒரு பூனைக்கு இடமளித்தே வருகின்றனர். வேலிப் பொட்டுக்குள் நுழையும் அச்சிற்றுயிர்க்கு எவ்வீட்டார் எச்சமயத்தார் என்னும் வேறுபாடு தெரியாது. அது நாளை உங்கள் முற்றத்துக்கு வருமாயின், கண்களை மெல்ல மூடித் திறந்து வரவேற்று, பின்னர் வேலியருகே சென்று அதன் பெயரைக் கேளுங்கள். இரண்டு நட்புகள் ஒருங்கே தொடங்கும்.