மைக்கைக் காணோமா? கேபிளிலிருந்து தொடங்குங்கள்

பாட்டைப் பதிவு செய்ய எல்லாம் தயார். யூஎஸ்பி மைக்கில் விளக்கு எரிகிறது. ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளைத் திறந்தால் பட்டியலில் மைக்கின் பெயரையே காணோம். உடனே பலரும் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். அநேகமாக அது வீண் வேலை. கோளாறு பெரும்பாலும் மென்பொருளை எட்டுவதற்கு முன்பே, வழியில் எங்கோ இருக்கும்.

விளக்கு எரிவதை நம்பாதீர்கள். மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். சாதாரண யூஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. போன் சார்ஜ் செய்ய மட்டும் என்று விற்கும் மலிவு கேபிள்கள் சிலவற்றில் தகவல் கம்பிகளே கிடையாது. எனவே முதலில் வேறு கேபிள், பிறகு வேறு போர்ட். அதன்பின் விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸில் பாருங்கள். அங்கே மைக் தெரியாவிட்டால், பதிவு மென்பொருளில் என்ன மாற்றியும் பயனில்லை.

மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவி, கண்டென்சர் மைக்குக்காக 48 வோல்ட் பட்டனை அழுத்தியதும் துண்டித்துக்கொள்ளும். அதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும்; ஆனால் யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் மவுஸ், பென் டிரைவ், இன்டர்ஃபேஸ் எல்லாம் சேர்ந்து ஒரே போர்ட்டின் மின்சாரத்தைப் பங்குபோட வேண்டும். இன்டர்ஃபேஸை நேராகக் கணினியில் செருகுங்கள். என்னைக் கேட்டால், பதிவு வேலைக்கு ஹப்பே வேண்டாம்.

விண்டோஸில் தெரிகிறது, ஆடாசிட்டியில் மட்டும் இல்லையா? திறக்கும்போது என்னென்ன கருவிகள் இருந்தனவோ அவற்றைத்தான் அது பட்டியலிடும். பிறகு செருகியதைத் தானாகச் சேர்க்காமல் போகலாம். ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ் என்ற கட்டளையைக் கொடுங்கள்; இல்லையேல் மூடித் திறவுங்கள்.

பெயர் வருகிறது, பதிவும் ஓடுகிறது, ஆனால் அலை எழாமல் நேர்கோடாகவே போகிறதா? அனுமதி மறுக்கப்பட்டிருக்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோனுக்குத் தனி சுவிட்ச் இருக்கிறது. அதற்குள்ளேயே டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று இன்னொன்றும் உண்டு. இரண்டும் ஆன் ஆக இருக்க வேண்டும். மேக் கணினியிலும் இதே போன்ற அனுமதி உண்டு.

பாடகர்களை அதிகம் குழப்புவது சாம்பிள் ரேட். கருவி நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்க, மென்பொருள் அதை 44,100 என்று நினைத்துக்கொண்டால், சில சமயம் கருவியைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி வரும். செய்தி வராமல் பதிவானால் இன்னும் மோசம். திருப்பிக் கேட்கும்போது காலப்பிரமாணம் இழுக்கும், சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கும். குரல்தான் கெட்டுவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம். விண்டோஸ், கருவி, மென்பொருள் மூன்றிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

இடையிடையே 'டிக் டிக்' என்று சத்தம் விழுந்தால் பஃபரைக் கூட்டுங்கள். 48,000 சாம்பிள் ரேட்டில் 128 மாதிரிகள் கொண்ட பஃபர் சுமார் 2.7 மில்லி நொடி. 512 என்றால் 10.7. கூட்டினால் சத்தம் போகும், ஆனால் பாடுவது ஹெட்போனில் சற்றுத் தாமதமாகக் கேட்கும். பாடும்போது குறைவாகவும் மிக்ஸிங்கின்போது அதிகமாகவும் வைத்துக்கொள்வதே வழக்கம். ரீப்பர் போன்ற மென்பொருள்களில், கருவியின் நிறுவனம் தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் தாமதம் கணிசமாகக் குறையும்.

லேப்டாப்பில் சும்மா விட்ட சிறிது நேரத்தில் கருவி காணாமல் போகிறதென்றால், விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது. டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்தாயிற்றென்றால், நல்ல கேபிளோடு இன்னொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் தெரியாவிட்டால் கோளாறு கருவியில்தான். வாரன்டி சீட்டைத் தேடி எடுங்கள்.