கடலுக்கு அடியில் ஓர் உயிருள்ள கூடை!

உத்திரமேரூர் வட்டாரத்திலே, காவாந்தண்டலம் போன்ற கிராமங்களில் கூடைக்குப் பல வேலைகள் உண்டு. எரு அள்ள ஒரு கூடை. நெல் சுமக்க ஒரு கூடை. கோழியைக் கவிழ்த்து வைக்க ஒரு கூடை. எல்லாம் மூங்கிலைப் பிளந்து மனிதர் பின்னியவை.

ஆனால், எவரும் பின்னாத கூடை ஒன்று கடலுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு உயிர் உண்டு! அதுதான் 'கூடை நட்சத்திரம்' என்னும் அதிசயப் பிராணி.

கையே வலை!

இது நட்சத்திர மீனுக்கு உறவு. நடுவில் வட்டமான உடல். அதிலிருந்து பெரும்பாலும் 5 கைகள் கிளம்புகின்றன. ஒவ்வொரு கையும் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டும் மறுபடி பிரிகின்றன. இப்படிப் பிரிந்து பிரிந்து, நுனி நூல்போல் ஆகிவிடுகிறது.

இதற்குக் கண் இல்லை, மூளையும் இல்லை. ஆனாலும் தந்திரம் தெரியும். பாறை மேலோ பவளச் செடி மேலோ ஏறி, நீரோட்டத்துக்கு எதிரே கைகளை விரித்து நிற்கும். சின்னஞ்சிறு கூனிப் பூச்சிகள் வந்து மோதும். கைகளில் உள்ள நுண்ணிய கொக்கிகள் அவற்றைப் பற்றிக்கொள்ளும். பிறகு கை சுருண்டு, இரையை வாய்க்குக் கொண்டு போகும். வாய் உடலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

81,920 நுனிகள்!

1670-ம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் கவர்னராக இருந்தவர் ஜான் வின்த்ராப். மீனவர் ஒருவரிடம் சிக்கிய இந்தப் பிராணியை அவர் லண்டன் ராயல் சங்கத்துக்கு அனுப்பினார். 'கூடை மீன்' என்றோ 'வலை மீன்' என்றோ அழைக்கலாம் என்று எழுதினார். அதன் கிளைகளையும் கணக்கிட்டார். 5 கைகள் 14 தடவை இரண்டிரண்டாகப் பிரிந்தால் எத்தனை ஆகும்? பிள்ளைகள் பெருக்கிப் பார்க்கலாம். 81,920!

1758-ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். கூந்தலுக்குப் பதில் பாம்புகள் நெளியும் மெடூசா என்ற பெண்ணைப் பற்றி கிரேக்கர்கள் கதை சொல்வார்கள். அவள் தலை என்பதே அந்தப் பெயரின் பொருள்.

அடையாளம் காண்பது எப்படி?

கூடை நட்சத்திரத்தில் பல இனங்கள் உண்டு. இன்ன இனம் என்று சொல்வது எளிதல்ல. வலையில் ஏறும்போதே கைகள் ஒடிந்துவிடும். சாராயத்தில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். குட்டிக்குக் கிளைகள் குறைவு. ஆகவே தாயும் குட்டியும் வேறு இனம்போலத் தோன்றும்!

அதனால் நிபுணர்கள் நிறத்தை மட்டும் நம்புவதில்லை. உடலின் தோல் வழவழப்பா, சொரசொரப்பா? கை முதன்முதலில் எங்கே பிரிகிறது? கொக்கியின் வடிவம் என்ன? தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய எலும்புத் துண்டுகள் எப்படி இருக்கின்றன? இவற்றைப் பூதக்கண்ணாடியிலும், இக்காலத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பிலும் பார்க்கிறார்கள். மரபணுச் சோதனையும் செய்கிறார்கள்.

பிறகு, முதலில் பெயரிடப்பட்ட மூல உடலோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் அது புது இனம். எந்தக் கடல், எவ்வளவு ஆழம், எந்த நாள் என்று சீட்டு எழுதி, எண்ணிட்டுக் காட்சிசாலையில் பத்திரப்படுத்துவார்கள். சீட்டுத் தொலைந்தால் பிராணி இருந்தும் பாதிப் பயன் போயிற்று!

நம் கடலில் சென்ற கப்பல்

நம் ஆழ்கடலை முதலில் துழாவியது 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் கப்பல். 1881-ல் பம்பாயில் கட்டப்பட்டது. கடலை அளப்பதே அதன் வேலை. அதோடு, 1,000 பாகத்துக்கும் அதிகமான ஆழத்தில் வலை இறக்கிப் பிராணிகளையும் எடுத்தது. ஒரு பாகம் என்பது 6 அடி. 1888 முதல் ஆல்காக் என்ற டாக்டர் அதில் இயற்கை ஆராய்ச்சியாளராக இருந்தார்.

அப்போது கிடைத்த பாம்பு நட்சத்திரம், கூடை நட்சத்திரம் ஆகியவற்றைப் பிரான்சு நாட்டு லியோன் நகரப் பேராசிரியர் கோலர் ஆராய்ந்தார். அவருடைய நூல் 1899-ல் கல்கத்தாவில் வெளியாயிற்று. இன்றும் நம் ஆழ்கடல் நட்சத்திரங்களை ஆராய்கிறவர்கள் அதைப் புரட்டியாக வேண்டும்.

காசியில் வந்த வெள்ளம்

கல்கத்தாக் காட்சிசாலையின் பிராணிகள் 1916-ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையிடம் வந்தன. இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. குண்டுக்குப் பயந்து, 1942-ல் துறையையே காசிக்கு மாற்றினார்கள். 1943-ல் வருணா நதி பெருக்கெடுத்தது. குண்டுக்குத் தப்பிய சேகரிப்பு வெள்ளத்தில் சிக்கிப் பெருஞ்சேதம் அடைந்தது!

கடலில் மற்றொரு பிராணி கிடைக்கலாம். ஆனால் முதலில் பெயரிட்ட மூல உடல் போனால், அதே உடல் மறுபடி கிடைக்காது.

இப்போது கொச்சியில் உள்ள மத்திய அரசின் ஆழ்கடல் உயிரின நிலையம், 'சாகர் சம்பதா' கப்பல் எடுத்து வரும் பிராணிகளைப் 'பவசாகரா' என்னும் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கிறது.

இதற்கு அவசரமும் உண்டு. இந்து மகா சமுத்திரத்தின் அடியில் உள்ள உலோகக் கட்டிகளை ஆராய 2002-ல் இந்தியா சர்வதேச ஒப்பந்தம் செய்தது. நாளை அவற்றை அள்ளினால், அங்கே வாழும் உயிர்கள் என்ன ஆகும்? இருந்தது என்று பதிவு செய்யாத உயிர் அழிந்தால், அழிந்ததுகூட நமக்குத் தெரியாது!

எழுதியது நிற்கும்

உத்திரமேரூர்க் கோயில் சுவரைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை அங்கே கல்லில் வெட்டினார்கள். சபையும் போயிற்று, சோழனும் போனான். சுமார் 1,100 ஆண்டுகளாகியும் எழுத்து நிற்கிறது. எழுதி வைத்ததால்தான் இன்று நாம் பெருமை பேசுகிறோம்.

கடலடியில் வாழும் கூடைக்கும் அப்படி ஒரு கல்வெட்டு வேண்டும். கண்ணாடிக் குப்பிக்குள் கிடக்கும் சின்னஞ்சிறு சீட்டுத்தான் அந்தக் கல்வெட்டு!