அலாரத்துக்குப் பதில் ஆள்!

நள்ளிரவு. லண்டனில் ஊரே தூங்க, சில அடுக்குமாடிக் கட்டடங்களில் மட்டும் ஒருவர் மாடி மாடியாக நடந்துகொண்டே இருப்பார். எங்காவது புகை வாடை அடிக்கிறதா? அடித்தால், கையிலிருக்கும் ஹாரனை அலறவிட்டு எல்லோரையும் எழுப்ப வேண்டும். விடியும்வரை இதே வேலைதான். பெயர் 'வேக்கிங் வாட்ச்'.

எல்லாம் 2017 ஜூன் 14-க்குப் பிறகு வந்தது. அன்று 24 மாடி கிரென்ஃபெல் டவரில், நான்காவது மாடி வீடு ஒன்றின் ஃபிரிட்ஜில் பிடித்த தீ, வெளிச்சுவரில் பொருத்தியிருந்த தகடுகள் வழியே உச்சிவரை ஏறியது. பலி 72 பேர். 'தீப்பிடித்தால் அவரவர் வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்பதுதான் அங்கே சொல்லப்பட்டிருந்த விதி. அதை நம்பி உள்ளேயே இருந்தவர்களும் இறந்தார்கள்.

எளிதில் எரியும் தகடுகள் உள்ள மற்ற கட்டடங்களில், 'உடனே எல்லோரும் வெளியேறுங்கள்' என விதியை மாற்றினார்கள். ஆனால், கட்டடம் முழுக்க ஒலிக்கும் அலாரம் பலவற்றில் இல்லையே! அதனால்தான் ஆள் போட்டார்கள்.

தற்காலிக ஏற்பாடு, பல இடங்களில் வருடக்கணக்கில் நீண்டது. செலவு? பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்கள் தலையில். தகடு ஒட்டச் சொன்னது அவர்களா என்ன?

2020 டிசம்பரில், அலாரம் பொருத்த 3 கோடி பவுண்டு தருவதாக அரசு அறிவித்தது. அலாரம் வந்த கட்டடங்களில் ரோந்து நின்றது. தகடுகள் பல இடங்களில் சுவரிலேயே இருந்தன.