விசைப்படகு எஞ்சினுக்கு வலுவூட்டுதல்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணம் பயிலும் ஒருவன் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பினும் குற்றமில்லை. என் மாமா தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகுக்கு உரிமையாளர். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 2017ஆம் ஆண்டு தொட்டு, 61 நாள் இக்கரையில் இழுவை மடிப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது விதி. மீனினம் பெருகுதற்கென வகுத்த அந்நாட்களே படகுகளைப் பழுதுபார்க்கும் நாட்களுமாம். கல்லூரி விடுமுறையும் அப்பொழுதே வருதலின், கரையேற்றிய படகின் நிழலில் அமர்ந்து, எண்ணெய் படிந்த கையினராகிய மெக்கானிக்குகள் பேசுவனவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். அங்கே கேட்டவற்றோடு பின்னர்ப் படித்தறிந்தவற்றையும் கூட்டி இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

அப்பட்டறைகளில் ஓயாது கேட்கப்படும் கேள்வி ஒன்றே: "பழைய எஞ்சினில் இன்னும் எத்தனை குதிரை ஏற்றலாம்?" இதற்கு விடை காணுமுன் குதிரை என்பது யாது, அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் முறுக்கு விசை என்பது யாது என வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

முறுக்கு விசைக்கு நம் ஊர்ச் செக்கே தக்க சான்று. செக்குலக்கையைச் சுற்றுவது மாட்டின் இழுப்பு மட்டுமன்று. மாட்டுக்கும் உரலுக்கும் இடையேயுள்ள மரத்தின் நீளமும் அதில் பங்கு கொள்கின்றது. இழுப்பையும் நீளத்தையும் பெருக்கி வருவதே முறுக்கு விசை. மாடு அசையாது நின்று முட்டினும் அவ்விசை உண்டு. குதிரைச் சக்தியோ வேலை நடைபெறும் விரைவைக் குறிப்பது. கவலை பூட்டிக் கிணற்றுநீர் இறைப்பதைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். 75 கிலோகிராம் எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்குவது ஒரு குதிரைச் சக்தி. நீராவி யந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் என்பார், தம் யந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்று வாங்குவோர்க்கு உணர்த்தற்பொருட்டு இவ்வளவையை வகுத்தார். விற்பனையின் பொருட்டுப் பிறந்த அளவை இன்றுங்கூட விற்பனைக்கே பெரிதும் பயன்படுகின்றது!

இவ்விரண்டுக்கும் உள்ள உறவு ஓர் எளிய கணக்கு. கிலோகிராம்-மீட்டரில் அளந்த முறுக்கு விசையை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கி, 716ஆல் வகுத்தால் குதிரைச் சக்தி வரும். 40 கிலோகிராம்-மீட்டர் விசையுடன் 1,800 சுற்றுச் சுழலும் எஞ்சினின் ஆற்றல் ஏறக்குறைய 100 குதிரை. அதே விசையுடன் 3,600 சுற்றுச் சுழல வல்லதாயின் 200 குதிரை. ஆகவே குதிரையைப் பெருக்க வழி இரண்டு: விசையைக் கூட்டுதல், அன்றேல் சுற்றைக் கூட்டுதல். எது நமக்கு வேண்டுவது என்பதிலேதான் பலரும் தடுமாறுகின்றனர்.

இத்தடுமாற்றத்தைத் தெளிவிக்க இரண்டு எஞ்சின்களை ஒப்பிட்டுக் காட்டுவேன். அமெரிக்காவில் போன்டியாக் என்னும் நிறுவனம் 1964இல் ஜி.டி.ஓ. என்ற மோட்டார் வண்டியை வெளியிட்டது. அதன் எட்டு உருளை பெட்ரோல் எஞ்சின் 389 கன அங்குலக் கொள்ளளவு உடையது. 4,800 சுற்றில் 325 குதிரை தந்தது. அத்தகைய பழைய வண்டிகளை இன்றும் அந்நாட்டு இளைஞர் தேடி வாங்கி, மேலும் வலுவூட்டி மகிழ்கின்றனர். இனி நம் நாட்டு எஞ்சின் ஒன்று. 1948இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய எண்ணூர்த் தொழிற்சாலையின் லாரி எஞ்சின்கள் நம் கரைப் படகுகள் பலவற்றுள் ஏறியுள்ளன. அவற்றின் பெயரோடு வழங்கும் 370, 400, 680 முதலிய எண்கள் கன அங்குலக் கொள்ளளவைக் குறிப்பன. என் மாமாவின் படகில் உள்ளது 400. ஜி.டி.ஓ.வினுடையதற்குச் சற்றே பெரிது. ஆயினும் ஆற்றலோ நூற்றுச் சொச்சம் குதிரைதான்.

இஃது எதனால்? முதலாவது, டீசல் எஞ்சின் விரைந்து சுழலாது. உருளைக்குள் காற்றை மட்டும் இழுத்து, அதனைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு இறுக்கி, அவ்விறுக்கத்தாற் பிறக்கும் வெப்பத்தில் எண்ணெயைத் தூவி எரிப்பது அதன் இயல்பு. எண்ணெய் எரிந்து முடியக் காலம் வேண்டும். அழுத்தத்தைத் தாங்கப் பிஸ்டனும் தண்டும் கனமாக வேண்டும். இரண்டாவது, 1971 வரை அமெரிக்கர் தம் எஞ்சின்களை விசிறி, புகைக்குழல் முதலிய சுமைகளை நீக்கி அளந்து பெருமை பேசினர். 1972 முதல்தான் அவற்றோடு சேர்த்து அளக்கலாயினர். மூன்றாவதே தலையாயது: வண்டியின் 325 குதிரை சாலையிற் சில கணங்களே வெளிப்படும், படகின் நூறு குதிரையோ விடியலிலிருந்து இருட்டும் வரை ஓயாது உழைத்தல் வேண்டும். பந்தயக் காளையையும் செக்குமாட்டையும் ஒரே கோலால் அளத்தல் தகுமோ?

மோட்டார் வண்டிக்கு வலுவூட்டுவோர் செய்வன யாவை? உருளையைக் கடைந்து அகலமாக்குவர். கிராங்கின் கையை நீட்டுவர். காற்று புகும் வழிகளைத் தேய்த்து வழவழப்பாக்குவர். பெரிய கார்புரேட்டரைப் பொருத்துவர். வால்வுகள் நெடுநேரம் திறந்து நிற்குமாறு கேம் தண்டை மாற்றுவர். எல்லாவற்றின் உட்கருத்தும் ஒன்றே. எஞ்சின் என்பது காற்றை விழுங்கும் கருவி. விழுங்கிய காற்றின் அளவுக்கே எண்ணெய் எரியும். எரிந்த அளவுக்கே வலு. உருளை அகன்றால் பிஸ்டன்மேல் விழும் அழுத்தம் மிகும். கிராங்கின் கை நீண்டால், செக்கின் மரம் நீண்டாற்போல், திருப்பும் வலி மிகும். இரண்டாலும் கொள்ளளவு பெருகும். கேம் தண்டை மாற்றுதல் மட்டும் வேறு வகை. அது மிகுந்த சுற்றில் குதிரையைக் கூட்டும். குறைந்த சுற்றில் உள்ள முறுக்கு விசையைக் குறைத்துவிடும். பந்தயத்துக்கு அது நன்று. மடி இழுக்கும் படகுக்குக் கேடு.

டீசல் எஞ்சினில் இறுக்கம் முன்னரே உச்சத்தில் இருத்தலின் அதனை மேலும் கூட்ட இடமில்லை. உருளையைக் கடைந்து ஸ்லீவ் மாற்றுவதும் தேய்மானத்தைப் போக்கி இழந்த வலுவை மீட்குமேயன்றிப் புதிதாக ஒன்றும் தாராது. உண்மையில் வலுக்கூட்டுவது டர்போ. சுவிட்சர்லாந்தினராகிய ஆல்பிரட் பூக்கி என்பார் 1905இல் இதற்கு உரிமை பெற்றார். வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள மறு சக்கரத்தால் காற்றை நெருக்கி உருளைக்குள் தள்ளுவது இதன் தொழில். நெருக்கிய காற்று சூடேறி விரிதலின் அதனைக் குளிர்விக்கவும் வேண்டும். லாரிக்கு அது தொல்லை. படகுக்கோ சுற்றிலும் கடல் இருக்கின்றது. எனினும் உப்புநீரை எஞ்சினுக்குள் விட்டால் இரும்பை அரித்துவிடும். ஆதலின் உள்ளே நன்னீர் சுழல, புறத்தே கடல்நீர் ஓடி அதன் வெப்பத்தை வாங்கிச் செல்லுமாறு அமைப்பர். துத்தநாகக் கட்டை ஒன்றையும் வைப்பர். கடல் முதலில் அதனைத் தின்னும், இரும்பை விட்டுவிடும்.

டர்போ பொருத்தப் பணம் வேண்டும். பணம் இல்லாதார் கையாளும் குறுக்குவழி ஒன்று உண்டு. என் மாமாவும் சில ஆண்டுகளுக்கு முன் அதில் இறங்கினார். எண்ணெய்ப் பம்பின் முத்திரையை உடைத்து, திருகைத் திருப்பி, உருளைக்கு மிகுதியான எண்ணெய் செல்லச் செய்வதே அது. பட்டறையின் பெயரை இங்கே சொல்ல வேண்டுவதில்லை. முதல் வாரம் படகு பாய்ந்தது உண்மை. புகை கருத்தது, அதனையும் வலுவின் அடையாளம் என்றே எண்ணினார். காற்று கூடாமல் எண்ணெய் மட்டும் கூடினால் எரியாத மிச்சமே கரும்புகையாகின்றது. வெளியேறும் புகையின் சூடு ஏறிக்கொண்டே போகின்றது. ஒருநாள் பிற்பகல், கரைக்கு வெகு தொலைவில், ஒரு பிஸ்டன் தலை உருகி உருளையோடு ஒட்டிக்கொண்டது. கச்சான் காற்று ஓங்கியிருந்த வேளை. வேறொரு படகு கயிறு போட்டு இழுத்துவர நள்ளிரவாயிற்று. அத்தை அன்று மாதா சுரூபத்தின் முன் முழங்காலில் இருந்ததை நான் கண்டேன். எஞ்சினைச் செப்பனிட வாங்கிய கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்வளவு இடர்ப்பட்டு வலுவேற்றினும் படகின் வேகம் எவ்வளவு கூடும்? நீரைக் கிழித்துச் செல்லும் படகுக்கு வேகம் இரட்டிக்க வேண்டின் குதிரை எட்டு மடங்காக வேண்டும். குதிரையை இரட்டித்தால் வேகம் நாலில் ஒரு பங்கே மிகும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல்மைல் வரை அது தடையின்றி ஓடும் என்பது புலப்படும். 49 அடிப் படகுக்கு வர்க்கமூலம் 7, வேகம் 9.4 கடல்மைல். அதற்குமேல் தானே எழுப்பிய அலைமேல் தானே ஏற முயன்று படகு திணறும், எண்ணெய்தான் கரையும். ஒரு குதிரைக்கு மணிக்கு ஐந்தில் ஒரு லிட்டர் டீசல் என்பது ஏறத்தாழச் சரியான கணக்கு. முழு வலுவில் பத்து மணிநேரம் ஓடினால் 100 குதிரைக்கு 200 லிட்டர்; 200 குதிரைக்கு 400 லிட்டர். தூத்துக்குடி விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்னும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஆதலின் விரைந்து சென்று விரைந்து மீளும் ஆசை இயல்பே. ஆயினும் அந்த ஆசையின் விலை இது.

ஆகவே வலு உண்மையில் எங்கே செலவாகின்றது எனின், மடி இழுப்பதில். மெல்ல நகரும்போது மிகுந்த இழுப்பு வேண்டுமாதலின், வேண்டப்படுவது முறுக்கு விசையே. இங்கே ஒன்று நினைவுக்கு வருகின்றது. வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906 அக்டோபரில் பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கத்துக்காக 1907இல் காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் நம் துறைக்கு வந்தன. நீராவி யந்திரம் அசையாது நிற்கும்போதே முழு முறுக்கு விசையையும் தர வல்லது. டீசலோ குறைந்த சுற்றில் அணைந்துவிடும். அக்குறையைத் தீர்ப்பது கியர்ப்பெட்டி. மூன்றுக்கு ஒன்றாகக் குறைத்தால் 1,800 சுற்று 600 ஆகும். 40 கிலோகிராம்-மீட்டர் 120 ஆகும். பெரிய விசிறி மெல்லச் சுழன்று மிகுந்த நீரைத் தள்ளும்போதே இழுப்பு மிகும்.

இழுப்பு மிக மிக மடியும் பெரிதாகின்றது. மடியின் வாயை விரிக்கும் பலகைகளும் கனக்கின்றன. கடலடியைச் சுரண்டும் ஆழமும் கூடுகின்றது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அதற்குக் காரணம் பல கூறுவர். எஞ்சின்மேல் மட்டும் பழிபோடுதல் முறையன்று. ஆயினும் வலுவுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் 2020இல் திருத்திய விதிகள், படகின் நீளம் 24 மீட்டருக்கும், எஞ்சின் 240 குதிரைக்கும் மேற்படலாகாது என்கின்றன. சிறு வள்ளக்காரர் சிலர் இவ்வரம்பே மிக உயர்ந்தது என்பர். பெரும்படகினர் சிலர் போதாது என்பர். இருசாராரும் என் உறவினரே.

சென்ற தடைக்காலத்தில் மாமா மீண்டும் வலுவேற்றும் எண்ணம் கொண்டார். இம்முறை முதிய மெக்கானிக் ஒருவர் படகின் விசிறியைக் கழற்றி அளந்து பார்த்தார். அதன் இதழ்கள் அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்தன. அவ்வாறு இருப்பின் ஒவ்வொரு சுற்றிலும் நீரைத் தள்ளும் சுமை மிகுந்து, எஞ்சின் தனக்குரிய சுற்றை எட்டாமலே திணறும். இருக்கும் குதிரைகளிற் பாதி லாயத்திலேயே நின்றுவிடும். "எஞ்சின் இருக்கட்டும் மருமகனே, விசிறியை மாற்றிப் பார்ப்போம்" என்று மாமா என்னிடம் சொன்னபோது, அவர் குரலில் சிறிது ஏமாற்றமும் இருந்தது. சாய்வு குறைந்த விசிறி வந்தது. பம்பின் திருகு பழைய அளவுக்கே திரும்பியது, ஸ்லீவும் பிஸ்டன் வளையங்களும் மாறின, டர்போ இல்லை. ஜூன் 15ஆம் நாள் காலை 5 மணிக்குப் படகு துறையை விட்டகன்றபோது நான் கரையில் நின்று புகைக்குழலையே நோக்கியிருந்தேன். வெண்மையுமின்றிக் கருமையுமின்றி, உள்ளதோ இல்லதோ என்னும்படி மெல்லிய ஆவி ஒன்று எழுந்து மறைந்தது.