கேஸா, ஹார்ட் அட்டாக்கா?

"கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்." நம்ம வீடுகள்ல அடிக்கடி கேட்கிற இந்த வசனத்தைப் பத்திதான் இன்னைக்கு நான் பேசப்போறேன்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல கொழுப்பு படியும். அந்தப் படிவு திடீர்னு வெடிச்சா, அதுமேல ரத்தம் உறைஞ்சு பாதையை அடைச்சிடும். அதுதான் ஹார்ட் அட்டாக். நேரம் போகப்போக இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும்; செத்த தசை திரும்ப வளராது.

நடுநெஞ்சுல அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவுற வலி, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தா உஷாராகணும். சர்க்கரை இருக்கறவங்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம். கேஸா இதயமான்னு டாக்டரே ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துதான் சொல்வாங்க.

அதனால, சோடா தேடாம 108-க்கு போன் பண்ணுங்க. நீங்களே பைக் ஓட்டிட்டுப் போகாதீங்க. கேஸ்தான்னு தெரிஞ்சா, சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வரலாம்.