நாக்கையும் கடிக்கும், கையையும் கடிக்கும் 'பைப்'!
புதிதாகப் பழகுவோருக்கு ஆகும் செலவு என்ன? 10 டாலரில் தொடங்கி 1,000 டாலர் வரை போகும் கதை!

கோட்டும் சூட்டும் போட்டு, வாயின் ஓரத்தில் 'பைப்' ஒன்றைக் கவ்விக்கொண்டு, புகையை மெல்ல விட்டால் ஒரு தோரணை வரத்தான் செய்கிறது.

1973-ம் ஆண்டு வெளிவந்த 'கவுரவம்' படத்தில் பாரிஸ்டர் ரஜினிகாந்தாக வந்த சிவாஜிகணேசனையும் அந்தப் பைப்பையும் பிரித்துப் பார்க்க முடியுமா? படம் பார்த்துவிட்டு வந்து, வெறும் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர்கள் எத்தனை பேரோ!

நம் ஊரில் பைப் பிடிப்பவர்கள் என்றுமே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். சுருட்டு, பீடி, சிகரெட்டுக்கு இருந்த மவுசு 'சுங்கான்' என்று தமிழில் சொல்லப்படும் இந்தப் பைப்புக்கு இருந்ததில்லை. ஆனால் அமெரிக்காவில் பைப்புக்கு என்றே தனிக் கடைகள் இன்றும் இருக்கின்றன. புதிதாகப் பழக வரும் வாலிபர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "எவ்வளவு செலவாகும்?"

இது சுலபமான கேள்வி அல்ல. பைப்பின் விலை ஒன்று. பைப் பிடிப்பதன் விலை வேறு!

சோளத் தக்கைக்கு வந்த வாழ்வு

அமெரிக்காவில் மிசவுரி மாநிலத்தில் ஒரு சிற்றூர். பெயர் வாஷிங்டன். தலைநகர் வாஷிங்டன் அல்ல. இது மிசவுரி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர்.

ஹாலந்து நாட்டில் இருந்து வந்து அங்கே குடியேறியவர் ஹென்றி டிப்பி. மரக் கடைசல் வேலை செய்பவர். 1869-ம் ஆண்டு ஒரு விவசாயி மக்காச்சோளத் தக்கையைக் கொண்டுவந்து, "இதைக் கடைந்து ஒரு பைப் செய்து கொடு" என்றாராம். மணிகளை உதிர்த்த பிறகு மாட்டுக்குப் போடுகிற தக்கை அது!

கடைந்து கொடுத்தார் டிப்பி. விவசாயிக்குப் பிடித்துப் போயிற்று. டிப்பி இன்னும் சிலவற்றைச் செய்து கடையில் வைத்தார். அவையும் விற்றுத் தீர்ந்தன.

தக்கையின் மேல் சுண்ணச் சாந்து பூசி வழவழப்பாக்கும் முறைக்கு 1878-ல் காப்புரிமையும் வாங்கினார். அப்படிப் பிறந்த 'மிசவுரி மீர்ஷாம்' கம்பெனி இன்றும் அதே ஊரில் நடக்கிறது. பைப்புக்காகவே தடித்த தக்கை உள்ள சோளத்தைப் பயிரிட்டு, தக்கையை ஆண்டுக்கணக்கில் காயவைத்துப் பிறகுதான் கடைகிறார்கள்.

2-வது உலகப் போரில் அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் பெரிய சோளத்தக்கைப் பைப்புடன் படம் படமாகக் காட்சி கொடுத்தாரே, அதுவும் இந்த இனம்தான்.

இதன் விலை என்ன தெரியுமா? 10 டாலர் முதல் 15 டாலர். டாலர் சுமார் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 900 ரூபாயில் இருந்து 1,350 ரூபாய்.

அதனால்தான் அங்கே விவரம் தெரிந்த கடைக்காரர்கள், புதிதாக வருபவரிடம் விலை உயர்ந்ததை எடுத்து நீட்டுவது இல்லை.

"முதல்ல இதைப் பிடிச்சுப் பாருங்க சார். பிடிக்கலேன்னா பத்து டாலரோட போச்சு. நூறு டாலர் கொடுத்து வாங்கி மூலையில போட்டா வயிறு எரியும்!" என்கிற தினுசில்தான் அவர்களுடைய யோசனை இருக்கும்.

வேர்க்கட்டையில் என்ன விசேஷம்?

"சோளத் தக்கை எல்லாம் வேண்டாம். பார்க்க லட்சணமாக, மரத்தில் வேண்டும்" என்பவர்களுக்கு 'பிரையர்' பைப்.

மத்திய தரைக்கடல் ஓரத்தில் இத்தாலி, கிரீஸ், அல்ஜீரியா, கார்சிகா தீவு ஆகிய இடங்களில் வளரும் ஒருவகைப் புதர்ச் செடி இது. வேரும் தண்டும் சேரும் இடத்தில் உருண்டையாகப் புடைத்திருக்கும் கட்டைதான் பைப் ஆகிறது. பல பத்து ஆண்டுகள் வளர்ந்த செடியில்தான் உருப்படியான கட்டை கிடைக்கும்.

தோண்டி எடுத்த கட்டையை மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் காயவைக்கிறார்கள். நெருப்பை வைத்தாலும் சட்டென்று எரிந்துபோகாது. அதற்காகத்தான் இந்த மதிப்பு.

விலைகளைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் 'டாக்டர் கிராபோ' போன்ற எளிய பிரையர் பைப்புகள்: 30 முதல் 50 டாலர்.

இத்தாலியின் 'சாவினெல்லி', அயர்லாந்தின் 'பீட்டர்சன்' போன்ற பெயர் பெற்ற ரகங்கள்: பெரும்பாலும் 100 முதல் 200 டாலர்.

காம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த லண்டன் 'டன்ஹில்': பல நூறு டாலர். 1,000 டாலரைத் தாண்டுவதும் உண்டு. அடேயப்பா! நம் பணத்தில் 90 ஆயிரம் ரூபாய்!

துருக்கியில் பூமிக்கு அடியில் வெட்டி எடுக்கும் 'மீர்ஷாம்' என்ற வெள்ளைக் கல்லில் குடைந்த பைப்புகள் தனி. சிற்ப வேலைக்குத் தகுந்த விலை.

இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய பைப்! ஒருவர் பிடித்து விட்டதை நன்றாகச் சுத்தம் செய்து, மெருகு போட்டு விற்பார்கள். 30, 40 டாலருக்கே நல்ல பெயர் உள்ள பைப் கிடைத்துவிடும். "அடுத்தவன் வாயில வச்சதா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு இது சரிப்படாது.

ரொம்ப மலிவாக, பெயர் ஊர் இல்லாமல் வரும் பைப்புகளில்தான் வம்பு. உள்ளே வார்னிஷ் பூசி இருக்கும். புகைப் பாதை கோணலாக இருக்கும். பற்றவைத்தால் வார்னிஷும் சேர்ந்து எரியும். அதைவிட 10 டாலர் சோளத் தக்கையே மேல் என்பது அனுபவசாலிகளின் தீர்ப்பு.

சில்லறைச் சாமான்கள்

பைப் வாங்கியாயிற்று. அவ்வளவுதானா? இல்லை.

புகையிலையை அமுக்க, கிளற, சாம்பலைச் சுரண்ட மூன்றும் சேர்ந்த ஒரு மடக்குக் கருவி வேண்டும்: சுமார் 5 டாலர்.

காம்புக்குள் விட்டுத் துடைக்கும் பஞ்சு சுற்றிய கம்பிகள் ஒரு கட்டு: சுமார் 4 டாலர். துடைக்காமல் விட்டால் உள்ளே கசடு சேர்ந்து, கஷாயம் மாதிரி கசக்கும்.

சாதாரண லைட்டர்: 2 டாலர்.

50 கிராம் புகையிலை டப்பா ஒன்று: 12 முதல் 20 டாலர். நடுவே 15 என்று வைத்துக்கொள்வோம்.

12 டாலர் சோளத்தக்கைப் பைப்புடன் எல்லாவற்றையும் கூட்டினால் 38 டாலர். அதாவது சுமார் 3,400 ரூபாய்.

'ப்பூ, இவ்வளவுதானா!' என்று தோன்றும். கணக்கு இங்கேதான் தொடங்குகிறது!

ஒரு வருஷக் கணக்கு

ஒரு தடவை நிரப்ப சுமார் 2 கிராம் புகையிலை போகும். நாளைக்கு ஒரே ஒரு தடவை என்றாலும் வருடத்துக்கு 730 கிராம். டப்பாக் கணக்கில் 15 டப்பா. பணம் 225 டாலர்.

துடைக்கும் கம்பி 16 டாலர். லைட்டர் 10 டாலர். கருவி 5 டாலர்.

பிரையர் பைப்பை ஒரு நாள் பிடித்தால் மறு நாள் காயவிட வேண்டும் என்பார்கள். எனவே ஒன்று போதாது. சோளத் தக்கை 12 டாலருக்கு ஒன்று இருக்கிறது. துணைக்கு பிரையர் 80 டாலரில் ஒன்று.

மொத்தம் சுமார் 350 டாலர். நம் பணத்தில் 31 ஆயிரத்து 500 ரூபாய்!

பைப்புகளின் விலையைக் கூட்டிப் பாருங்கள். 92 டாலர்தான். புகையாகப் போனதுதான் பெரும்பங்கு. நாளைக்கு இரண்டு தடவை ஆனால் புகையிலைச் செலவு இரட்டிப்பாகி, மொத்தம் 575 டாலரை எட்டும்.

"ஒண்ணே ஒண்ணு போதும்" என்று தொடங்கியவர் அலமாரி நிறையப் பைப் அடுக்குவதும் நடக்கிறது. வளைந்த காம்பு ஒன்று, நேர்க் காம்பு ஒன்று, குட்டையில் ஒன்று... டப்பாக்களையும் 'விலை ஏறிவிடும்' என்று சொல்லிச் சொல்லியே வாங்கிக் குவிப்பார்கள். வீட்டுக்காரி கேட்டால், "இது பழைய பைப்தானே!" என்று மழுப்பல்!

வரியில் நடந்த வேடிக்கை

விலைக்குப் பின்னால் வரி ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவில் 2009-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் புகையிலை வரியை உயர்த்தினார்கள். கையால் சுற்றும் சிகரெட் புகையிலைக்கு ஒரு பவுண்டு எடைக்கு 24 டாலர் 78 சென்ட். ஆனால் பைப் புகையிலைக்கு 2 டாலர் 83 சென்ட்தான்! ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம்.

விடுவார்களா வியாபாரிகள்? சிகரெட் சுற்றுகிற தூளையே பெரிய பைகளில் அடைத்து, 'பைப் புகையிலை' என்று சீட்டு ஒட்டினார்கள். சிகரெட் தூள் விற்பனை சரிந்தது. பைப் புகையிலை விற்பனை பல மடங்கு எகிறியது. நாட்டில் பைப் பிடிப்பவர்கள் திடீரென்று பெருகி விட்டார்களா என்ன? சீட்டுதான் மாறியது!

பெரிய பை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் புது ஆள் ஏமாறுவது இங்கேதான். பைப்பில் போட்டால் அது மளமளவென்று சூடாக எரியும். நாக்கு பொத்துப் போகும்.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே 50 கிராம் பைப் புகையிலை 20 பவுண்டு வாக்கில் விற்கிறது. நம் பணத்தில் சுமார் 2,400 ரூபாய். அதில் பாதிக்கு மேல் வரிதான்.

நாக்குக் கடி

புதிதாகப் பிடிப்பவர் செய்யும் தவறு, சிகரெட் மாதிரி இழுப்பது. பைப்பை அப்படி இழுத்தால் புகை கொதிக்கக் கொதிக்க வாய்க்குள் வரும். நாக்கு எரியும். சூடான காப்பியை அவசரமாகக் குடித்த மாதிரி நாலு நாள் ருசியே தெரியாது. இதற்குப் 'நாக்குக் கடி' என்றே பெயர்.

இன்னொன்று, தலைச்சுற்றல். பைப் புகையில் உள்ள நிக்கோட்டின், புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் மெல்லிய தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். முதல் நாளிலேயே வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, படுத்துக்கொண்டவர்கள் உண்டு.

பில்லில் வராத விலை

"பைப் புகையை நெஞ்சுக்குள்ள இழுக்கிறதில்லையே! சிகரெட் மாதிரி கெடுதல் கிடையாது" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள்.

டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

உதடு, நாக்கு, வாய், தொண்டை, உணவுக் குழாய், நுரையீரல் ஆகிய இடங்களில் பைப் பழக்கத்தால் புற்றுநோய் வருகிறது. பல் ஈறும் கெடுகிறது. சிகரெட்டை விட்டுவிட்டுப் பைப்புக்கு வருபவர்கள் பழக்கதோஷத்தில் புகையை உள்ளேயே இழுப்பதால், அவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பக்கத்தில் இருக்கும் மனைவி மக்களும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள்.

நாக்கில் ஆறாத ஒரு புண் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது, 12 டாலர் பைப்பும் 1,000 டாலர் பைப்பும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் 2019-ம் ஆண்டு டிசம்பரில் இருந்து 21 வயது ஆகாதவருக்குப் பைப் புகையிலை உள்பட எந்தப் புகையிலையும் விற்கக்கூடாது. இந்தியாவில் 18 வயது. இங்கே பொது இடங்களில் புகை பிடிக்கத் தடையும் இருக்கிறது. 2008-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி, காந்தி பிறந்த நாளில் அது இறுக்கமாக அமலுக்கு வந்தது. பைப் என்றால் விதிவிலக்கு கிடையாது.

அப்படியானால் புதிதாக ஆசைப்படுகிறவர் என்ன செலவை எதிர்பார்க்க வேண்டும்?

கையில் எடுக்க 38 டாலர். ஒரு வருஷம் ஓட்ட 350 டாலர். பழக்கம் ஒட்டிக்கொண்டால் ஆயுள் முழுக்க அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வரும் ஆஸ்பத்திரிச் செலவை எந்தக் கடைக்காரரும் விலைச் சீட்டில் எழுதி ஒட்டுவதில்லை.

பழக்கத்தில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டு, விட வழி தெரியாமல் தவிப்பவர்களுக்கு இந்திய அரசின் இலவச டெலிபோன் எண் இருக்கிறது: 1800-11-2356. பேசினால் யோசனை சொல்வார்கள். காசு இல்லை!

பைப்பைத் தொடாதவர்களுக்கு இன்னும் மலிவான வழி ஒன்று உண்டு. 'கவுரவம்' படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, வெறும் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கலாம்.

தோரணை அதிலும் வரும். நாக்கும் கடிக்காது, கையும் கடிக்காது!