கறுப்புக் கண்ணாடியில் தெரிந்த கிலோமீட்டர்

சித்திரை வெயில். பாளையங்கோட்டையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வாசலில் என் பழைய காரை நிறுத்தியிருந்தேன். வண்டிக்கு 17 வயது. என்ஜினில் குறை இல்லை. ஸ்பீடாமீட்டர் முள் ஒழுங்காக ஏறி இறங்கும். அதற்குக் கீழே கிலோமீட்டர் காட்டும் எண்கள் மட்டும் ஒரு வருடமாக மங்கிக்கொண்டே வந்து, ஈரத்துணியால் பாதி துடைத்த சுண்ணாம்பு எழுத்துப் போல ஆகிவிட்டன. முதலில் காட்டிய இடத்தில், "மீட்டர் போர்டு போயிருச்சு, முழுசா மாத்தணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கடை அண்ணாச்சி ஸ்குரூடிரைவரைத் தொடவே இல்லை. கடைக்குள் போய் ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து வந்தார். கண் கூசாமல் வண்டி ஓட்டப் போடுவார்களே, அந்த போலரைஸ்டு வகை. அதை டிஸ்ப்ளேவுக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்பினார். ஒரு கோணத்துக்கு வந்ததும் ஆறு எண்களும் கறுகறுவென்று எழுந்து நின்றன. இன்னும் கால் சுற்று திருப்பியதும் எண்கள் வெளிச்சமாகவும் பின்புறம் கறுப்பாகவும் மாறின.

"எண்ணு நல்லாத்தான் இருக்கு சார். மேல ஒட்டுன பிலிமுதான் வெயில்ல வெந்துட்டு" என்றார்.

அவர் செய்த சோதனையின் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட அறிவியல் இருக்கிறது. 1888-ல் பிராக் நகரில் இருந்த ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டிரால் கூட்டுப்பொருள் ஒன்றைச் சூடாக்கினார். அது 145 டிகிரியில் உருகிப் பால்போல் கலங்கலானது. 178 டிகிரியைத் தாண்டியதும் தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு முறை உருகியதுபோல் இருந்தது. அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். ஓடுவதில் திரவம், ஒளியைக் கையாள்வதில் படிகம். எல்சிடி டிஸ்ப்ளேவின் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் அடைபட்டிருப்பது இந்த இனத்துப் பொருள்தான்.

ஆனால் இந்தத் திரவம் தானாக எதையும் கறுப்பாக்காது. தன் வழியே போகும் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருகிவிடும். மின்னழுத்தம் கொடுத்தால் திருகுவதை நிறுத்திவிடும். அவ்வளவே அதன் வேலை. அந்த வேறுபாட்டை நம் கண்ணுக்குக் காட்டுபவை, கண்ணாடியின் மேலும் கீழும் ஒட்டிய இரண்டு போலரைசர் பிலிம்கள். கம்பி ஜன்னலுக்குள் ஒரு கழியை நெட்டுவாக்கில் பிடித்தால் நுழையும், குறுக்குவாக்கில் பிடித்தால் தட்டும் அல்லவா, அதுபோல ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விட்டு மற்றதை மறிக்கிற பிலிம் இது. இரண்டில் ஒன்று கெட்டாலும் எண் இருந்தும் தெரியாது. அண்ணாச்சியின் கறுப்புக் கண்ணாடி, கெட்டுப்போன மேல் பிலிமுக்குப் பதிலாக நின்றது.

பிலிம் ஏன் கெடுகிறது? பெரும்பாலான போலரைசர்கள், பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக்கை ஒரே திசையில் இழுத்து, அதில் அயோடினை ஏற்றிச் செய்தவை. புண்ணில் தடவுகிறோமே, அதே அயோடின். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது தன் வரிசையை இழந்துவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. நம் ஊர்க் கோடைக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. பழைய மீட்டரைக் கழற்றி பிலிமை உரிக்கும்போது சில சமயம் புளித்த காடி வாடை அடிக்கும். பிலிமின் மேலுறையில் உள்ள அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் கசிவதால் வருகிற வாடை அது. என் காரிலும் அந்த வாடை வந்தது.

எல்லா மங்கலுக்கும் பிலிம் காரணமல்ல. எப்படி மங்குகிறது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாலே நோய் பாதி தெரிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பார்க்க வேண்டியது டிம்மர். பல கார்களில் பார்க் லைட்டைப் போட்டால் மீட்டர் வெளிச்சம் தானாகக் குறையும், இரவில் கண் கூசாதிருக்க. பகலில் அந்த ஸ்விட்ச் தெரியாமல் பட்டிருந்தாலோ, டிம்மர் குமிழை யாராவது உருட்டிவிட்டிருந்தாலோ டிஸ்ப்ளே மங்கலாகத்தான் தெரியும்.

அடுத்தது மின்சாரம். என்ஜின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது ஆல்டர்நேட்டர் அதை 13.8 முதல் 14.4 வரை ஏற்ற வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் எண்கள் பிரகாசமாகி, விட்டால் மங்கினால் மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். ஆல்டர்நேட்டரையும் எர்த் வயரையும் பாருங்கள். துருப்பிடித்த ஒரே ஒரு எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கியதில் சரியான வண்டிகள் உண்டு.

எண்ணின் ஒரு பகுதி மட்டும், அல்லது ஒரு வரிசை முழுதும் காணாமல் போனால் அது இணைப்புக் கோளாறு. எல்சிடி கண்ணாடியைச் சர்க்யூட் போர்டோடு சேர்ப்பது பல மீட்டர்களில் சால்டர் அல்ல, ஒரு ரப்பர் பட்டை. மின்சாரம் கடத்தும் கறுப்பு அடுக்கும் கடத்தாத வெள்ளை அடுக்கும் மாறி மாறி இருப்பதால் இதை வரிக்குதிரைப் பட்டை என்று சொல்வார்கள். அழுத்தம் தளர்ந்தாலும் தூசி சேர்ந்தாலும் தொடர்பு விட்டுப்போகும். மீட்டரைக் கழற்றிய பிறகு கண்ணாடியின் ஓரத்தைப் பெருவிரலால் லேசாக அழுத்தும்போது எண் முழுமையானால் இதுதான் குறை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துத் திரும்பப் பொருத்தினால் போதும். வேறு சில கார்களில் ரப்பருக்குப் பதில் சூட்டில் ஒட்டிய மெல்லிய ரிப்பன் கேபிள் இருக்கும். பிஎம்டபிள்யூவின் இ39 வரிசைக் கார்களிலும், சாப் கார்களின் தகவல் திரையிலும் வரிவரியாக எழுத்து உதிர்வதற்கு இந்தக் கேபிளின் ஒட்டு விடுவதுதான் காரணம் என்று உலகம் முழுதும் பழுது பார்ப்பவர்களுக்குத் தெரியும். சூட்டில் மறைந்து, குளிர்ந்த காலையில் திரும்பி வருகிற எழுத்து இந்த நோயின் அடையாளம்.

இருட்டிலேயே நீலப் பச்சையாக ஒளிரும் எண்கள் இன்னொரு குடும்பம். வேக்குவம் ஃப்ளோரசென்ட் டிஸ்ப்ளே என்ற வெற்றிடக் குழாய் அது, சுருக்கமாக விஎஃப்டி. சாய்வாகப் பார்த்தால் எண்களுக்கு முன்னே முடி போன்ற கம்பிகள் தெரியும். அவை சூடாகி எலக்ட்ரான்களைக் கொட்ட, அந்த எலக்ட்ரான்கள் மோதிய இடத்தில் பாஸ்பர் பூச்சு ஒளிர்கிறது. அதிகம் எரிந்த இடம்தான் முதலில் தேயும். டிஜிட்டல் வேகமானி இருந்தால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: நூறைத் தாண்டும்போது மட்டும் எரிகிற முதல் '1' புதிதுபோல் பளிச்சிட்டு, பக்கத்து எண்கள் மங்கியிருந்தால் பாஸ்பர் தேய்ந்துவிட்டது. குழாயை மாற்றுவது ஒன்றே வழி. மாறாக எல்லா எண்ணும் ஒரே அளவில் மங்கியிருந்தால் குழாய் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் சர்க்யூட்டில் கெபாசிட்டர் உலர்ந்திருக்கலாம், அல்லது சால்டரில் ஒரு காலைச் சுற்றி மோதிரம் போல விரிசல் விழுந்திருக்கலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த வளையம் தெரியும். குழாயின் மூலையில் வெள்ளிபோல் மினுங்கும் ஒரு பூச்சும் உண்டு. அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்தக் குழாயை மறந்துவிடலாம்.

எல்சிடி எண்கள் பகலில் நன்றாகவும் இரவில் இருட்டாகவும் இருந்தால் பின்னால் உள்ள சின்ன பல்புதான். இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன் படிந்து கண்ணாடி கறுத்திருக்கும்.

மீட்டரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள். ஏர்பேக் உள்ள கார் என்றால் அதன் பிறகும் சில நிமிடம் பொறுங்கள். முள்ளை இழுத்துப் பிடுங்காதீர்கள். திரும்ப வைக்கும்போது அளவு தப்பிவிடும்.

என் காரில் பழைய பிலிமையும் பசையையும் துடைத்தெடுக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. கைப்பேசிக் கடைகளில் கிடைக்கிற போலரைசர் பிலிமை வெட்டி, முதலில் வெறுமனே வைத்துத் திருப்பிப் பார்த்து, எண்கள் கறுத்த கோணத்தில் அண்ணாச்சி ஒட்டினார். 1,48,306 என்று தெரிந்தது.

காயலான் கடையிலிருந்து வேறு மீட்டரை வாங்கி மாட்டியிருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது. ஓடிய தூரத்தைப் பெரும்பாலான கார்களில் மீட்டருக்குள் இருக்கும் நினைவக சிப்தான் வைத்திருக்கிறது. மாற்றிப் போட்ட மீட்டர் வேறொரு காரின் வயதைத்தான் காட்டும். சில கார்களில் சாவியை அடையாளம் காணும் சர்க்யூட்டும் அங்கேயே இருப்பதால் வண்டி கிளம்பவே கிளம்பாது. அதனால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், பழைய மீட்டரில் தெரியும் கிலோமீட்டரை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் ஒரு போலரைஸ்டு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். அந்த எண்ணையும் தேதியையும் பில்லில் எழுதி வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள்.